பழைய கீபோர்டுல செத்துப்போன கீ, உதிரி போர்டுல இருந்து மாத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய கீபோர்டு வச்சிருக்கறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்கள ஒரே எடத்துல எழுதி வைக்கறேன். டிடிபி கடைல பல வருஷம் அடிச்சு தேஞ்ச டிவிஎஸ் கோல்டு, ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஐபிஎம், வெளிநாட்டுல இருந்து யாரோ கொண்டாந்த கமோடோர் ஹோம் கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன். ஒரு கீ அடிக்கலன்னா கீபோர்டு செத்துடல. அந்த ஒரு எடத்துல ஒரு தகடோ, ஒரு ஸ்பிரிங்கோ, மொளகு சைஸ் ரப்பரோ போயிருக்கு, அவ்ளோதான், அதுக்கு மாத்து பல மாடலுக்கு புதுசா கெடைக்காது ஆனா காயலான் கடைல மழைல நனைஞ்சுகிட்டு கெடக்கற இன்னொரு போர்டுக்குள்ள நல்லா இருக்கும்.

கே: ஒரே ஒரு கீ மட்டும் அடிக்க மாட்டேங்குது, மொதல்ல எத பாக்கணும்?

சால்டரிங் அயர்ன எடுக்கறதுக்கு முன்னாடி கீகேப்ப கழட்டி உள்ள பாருங்க. தூசி, முடி, பிஸ்கட் தூள், எறும்பு, இதெல்லாம் அடைச்சிருந்தாலே கீ கீழ வரைக்கும் எறங்காது. பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு, கேப் இல்லாம அந்த தண்டு மேலயே விரல வச்சு அழுத்துங்க, நேரா ஒரு தடவ, கொஞ்சம் ஓரமா சாய்ச்சு ஒரு தடவ. சாய்ச்சா அடிக்குது நேரா அடிக்கலன்னா காண்டாக்ட்ல, அதாவது உள்ள ஒண்ணோட ஒண்ணு தொடற தகடுல அழுக்கு, இல்லன்னா கீழ சால்டர் பண்ண ஈயம் பிடி விட்டுருக்கு.

அதுக்கப்பறம்தான் முக்கியமான டெஸ்ட். கீபோர்ட கம்ப்யூட்டர்ல மாட்டி நோட்பேட தெறந்து வச்சுக்கோங்க, கீபோர்டோட பின்பக்க மூடிய கழட்டி கவுத்துப் போட்டு, அந்த கீயோட ரெண்டு ஈயப் புள்ளிய ட்வீசரால சேத்து தொடுங்க. ஸ்கிரீன்ல எழுத்து வந்துதுன்னா பிசிபி (உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு), ட்ராக் (அதுல ஓடற செம்புக் கோடு), கன்ட்ரோலர் (கீபோர்டோட மூளையா இருக்கற ஐசி) எல்லாம் நல்லா இருக்கு, போனது ஸ்விட்ச் மட்டும்தான். வரலன்னா ஸ்விட்ச்ச மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, கோளாறு வேற எங்கயோ. உள்ள ஓடறது 5 வோல்ட்டுதான், ஷாக் அடிக்காது, ஆனா பக்கத்து புள்ளி மேல படாம பாத்துக்கோங்க.

இந்த டெஸ்ட் ரெண்டு கால் வச்ச மெட்டல் காண்டாக்ட் ஸ்விட்சுக்கு மட்டும்தான் செல்லும். ஐபிஎம் மாடல் எஃப், கீ டிரானிக் ஃபோம் போர்டு இதெல்லாம் கெப்பாசிட்டிவ், அதாவது மெட்டலும் மெட்டலும் தொடாமலே வேலை செய்யறது, அதுல இப்படி தொட்டா ஒண்ணும் தெரியாது.

கே: ஒண்ணு இல்லீங்க, நாலஞ்சு கீ சேந்து போயிடுச்சு, அத்தனை ஸ்விட்ச்சும் மாத்தணுமா?

வேணாம், ஒண்ணு கூட மாத்த வேணாம். நாலஞ்சு கீ ஒரே நேரத்துல செத்தா அது அநேகமா ஸ்விட்ச் கோளாறே இல்ல. கீபோர்டுல ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கெடையாது, குறுக்கா கொஞ்சம் லைன் நெடுக்கா கொஞ்சம் லைன், ரெண்டும் சந்திக்கற எடத்துல ஒரு கீ. கமோடோர் 64ல 8 லைனுக்கு 8 லைன், அதுலயே 64 கீ அடங்கிடுது, ரீஸ்டோர் கீயும் ஷிஃப்ட் லாக்கும்தான் அதுக்கு வெளில. அதனால ஒரு லைன் அறுந்தா அந்த லைன்ல இருக்கற அத்தனை கீயும் போகும், அந்த கீங்க பாக்கறதுக்கு பக்கத்துல பக்கத்துல கூட இருக்காது, ஒண்ணு அந்த மூல ஒண்ணு இந்த மூலைன்னு இருக்கும், அதனாலதான் நெறைய பேருக்கு குழப்பம்.

செத்த கீங்களோட கால மல்டிமீட்டர் பீப் மோட்ல வச்சு எதுக்கும் எதுக்கும் பொதுவா கனெக்ஷன் இருக்குன்னு பாருங்க, பொதுவான அந்த ட்ராக்க புடிச்சுகிட்டு கன்ட்ரோலர் வரைக்கும் போங்க, எந்த எடத்துல பீப் நிக்குதோ அங்கதான் அறுந்திருக்கு. நம்ம கடலோர ஊர்ல பெரும்பாலும் பச்சைக் களிம்பு பூத்து ட்ராக்க தின்னுருக்கும், கண்ணாலயே தெரியும். பழைய ஹார்டு டிஸ்க் ரிப்பன் கேபிள்ல இருந்து ஒரு இழைய உரிச்சு, ரெண்டு முனைக்கும் ஈயம் வச்சு பாலம் போட்டா முடிஞ்சுது.

கே: ட்வீசரால தொட்டாலும் எழுத்து வரல, ஆனா ஒரு கீ மட்டும்தான் போயிருக்கு. அப்ப?

டயோட பாருங்க. சில போர்டுல ஒவ்வொரு கீ பக்கத்துலயும் ஆரஞ்சு கலர் கண்ணாடி டயோடு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் 1என்4148. மீட்டர டயோடு மோட்ல வச்சா ஒரு பக்கம் 0.6 சொச்சம் காட்டணும், திருப்பி வச்சா ஒண்ணும் காட்டக் கூடாது. போயிருந்தா எந்த செத்த போர்டுல இருந்தும் ஒண்ணு புடுங்கிப் போடலாம், கருப்புக் கோடு எந்தப் பக்கம் இருந்துதோ அதே பக்கம் வரணும்.

கே: உதிரிக்கு எந்த கீபோர்டு வாங்கலாம், எங்க தேடறது?

பாண்டில ஞாயித்துக்கெழம மகாத்மா காந்தி ரோட்டு சந்தைல பழைய எலக்ட்ரானிக்ஸ் போட்டு விக்கறவங்ககிட்ட பாருங்க, காலைலயே போகணும். கடலூர்ல திருப்பாப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடைங்கள்ல கேட்டுப் பாருங்க, பழைய கீபோர்ட தூக்கிப் போட மனசு வராம பரண்ல போட்டு வச்சிருப்பாங்க, அண்ணே ரிப்பேருக்கு வேணும்னு சொன்னா பல பேர் சும்மாவே குடுப்பாங்க. காயலான் கடைல எடைக்குதான், அங்க ஒரு விஷயம், ஒயர மட்டும் வெட்டி காப்பருக்கு எடுத்திருப்பாங்க, கேபிள் இல்லாத கீபோர்டுன்னு விட்டுறாதீங்க, நமக்கு வேண்டியது உள்ள இருக்கற ஸ்விட்ச்தானே.

உள்ள எந்த வகை ஸ்விட்ச் இருக்குன்னு கண்டுபுடிக்க ஒரு கீகேப்ப மட்டும் தூக்கிப் பாருங்க. கூட்டல் குறி மாதிரி தண்டு தெரிஞ்சா செர்ரி எம்எக்ஸ் இல்லன்னா அதோட ஜாதி. நீட்டுவாக்குல செவ்வகமா ஒரு ஓட்டை தெரிஞ்சா ஆல்ப்ஸ். ஒரு குழாய்க்குள்ள ஸ்பிரிங் நட்டுக்கிட்டு நின்னா ஐபிஎம் பக்ளிங் ஸ்பிரிங். மொத்தமா ஒரு ரப்பர் ஷீட் விரிச்சிருந்தா சாதா மெம்பரேன், அதாவது தனித்தனி ஸ்விட்சுக்கு பதிலா லைன் அச்சடிச்ச பிளாஸ்டிக் ஷீட்.

நம்ம ஊருக்கு பெரிய வரம் டிவிஎஸ் கோல்டு. அதுல இருக்கறது செர்ரி எம்எக்ஸ் ப்ளூ, கடை, பேங்க், கோர்ட் வாசல் டைப்பிங் கடைன்னு எல்லா எடத்துலயும் ஓடுன மாடல், ஒரு போர்டு கெடைச்சா 104 ஸ்விட்ச் கையில. செர்ரி எம்எக்ஸ்னு இருக்கற பழைய போர்டுங்களுக்கு பெரும்பாலும் அந்த ஸ்விட்ச் உக்காரும், கால் எடம் மாறல.

ஒண்ண மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். முழுசா வேலை செய்யற பழைய கீபோர்ட ரெண்டு ஸ்விட்சுக்காக பிரிக்காதீங்க. கேஸ் ஒடஞ்சது, கன்ட்ரோலர் போனது, தண்ணில ஊறுனது, இந்த மாதிரி ஏற்கனவே எழ முடியாததுதான் உதிரிக்கு. அந்தக் காலத்து ஐபிஎம், ஆல்ப்ஸ் போர்டு எல்லாம் இனிமே புதுசா வரப் போறதில்ல, இருக்கறது கொறஞ்சுகிட்டே போகுது.

கே: எனக்கு உதிரி போர்டே கெடைக்கல, இப்பவே இங்கிலீஷ் எழுத்து ஈ கீ வேணும், வேற வழி இருக்கா?

இருக்கு, உதிரி உங்க கீபோர்டுலயே இருக்கு. ஸ்க்ரோல் லாக் கீய கடைசியா எப்ப அழுத்துனீங்க? பாஸ் பிரேக்? அந்த ஸ்விட்சுங்க எல்லாம் வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கும். செத்த ஈ ஸ்விட்ச எடுத்து ஸ்க்ரோல் லாக் எடத்துல போட்டுட்டு, ஸ்க்ரோல் லாக் ஸ்விட்ச ஈ எடத்துல போடுங்க. போர்டு முழுசா இருக்கும், பாக்கறவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, பின்னாடி உதிரி கெடைக்கறப்ப ஸ்க்ரோல் லாக்க சரி பண்ணிக்கலாம். உதிரி போர்டு வாங்கினாலும் இதே கணக்குதான், அதுல இருந்து மொதல்ல இந்த மாதிரி யாரும் தொடாத கீயதான் எடுக்கணும். டிடிபி கடை போர்டுன்னா ஸ்பேஸ், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஸ்விட்சு எல்லாம் அடிச்சு தேஞ்சிருக்கும், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் போர்டுன்னா நம்பர் பேடும் என்டரும் தேஞ்சிருக்கும், எங்க இருந்து வந்த போர்டுன்னு கேட்டு வச்சுக்கறது அதுக்குதான்.

கே: எம்எக்ஸ் ஸ்விட்ச் மாத்தறத ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க அண்ணா.

மொதல்ல முழு கீபோர்டயும் போட்டோ எடுத்துக்கோங்க, கீகேப் எது எங்கன்னு பின்னாடி தேடக் கூடாது. கேப்ப கழட்ட ஸ்க்ரூ டிரைவரால ஒரு பக்கமா நெம்பாதீங்க, கூட்டல் குறி தண்டு முறிஞ்சுடும், கட்டு கம்பிய ரெண்டா மடிச்சு கேப்போட ரெண்டு மூலைல மாட்டி நேரா மேல இழுங்க. ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் இதுக்கு அடில கம்பி ஸ்டெபிலைசர் இருக்கும், மெதுவா தூக்கி கம்பிய கொக்கில இருந்து விடுவிச்சுட்டு அப்பறம் எடுங்க.

பிசிபி பின்பக்கம் அந்த ஸ்விட்சோட ரெண்டு ஈயப் புள்ளிய தேடுங்க. இங்கதான் அவசரப்படக் கூடாது. பழைய ஈயம் காஞ்சு போய் இருக்கும், நேரா பம்ப் வச்சு உறிஞ்சினா வராது, வராததால அயர்ன இன்னும் அழுத்தி இன்னும் சூடு பண்ணுவோம், அப்ப செம்பு வளையம் போர்டுல இருந்து உரிஞ்சு வந்துடும், பழைய ஒரு பக்க போர்டுல அந்த வளையத்த புடிச்சு வைக்கறது வெறும் பசைதான். அதனால மொதல்ல கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஓடி ஒட்டறதுக்கு தடவற பசை) தடவி புது ஈயம் 60/40 வைங்க. புதுசு பழசோட கலந்து பளபளன்னு தண்ணி மாதிரி உருகும், அந்த நொடில பம்ப வச்சு ஒரே இழு. 320ல இருந்து 350 டிகிரி போதும், ஒரு புள்ளில மூணு நாலு செகண்டுக்கு மேல நிக்காதீங்க, வரலன்னா ஆற விட்டு திரும்ப புது ஈயம் வச்சு ஆரம்பிங்க. கால் ஓட்டைக்குள்ள ஆடுதான்னு ட்வீசரால அசைச்சுப் பாருங்க, ரெண்டு காலும் ஆடினாதான் விடுபட்டுது.

அப்பறம் மேல் பக்கம், இரும்பு பிளேட்ல ஸ்விட்ச புடிச்சிருக்கற ரெண்டு கொக்கிய உள்பக்கமா அமுக்கிகிட்டே மேல தூக்கினா வந்துடும். உதிரி ஸ்விட்ச வைக்கறதுக்கு முன்னாடி அதோட கால்ல மீட்டர வச்சு அழுத்திப் பாருங்க, அழுத்தினா பீப், விட்டா நிக்கணும், ஒரு ஓம் ரெண்டு ஓமுக்கு மேல காட்டினா அத ஒதுக்கி வைங்க. கால் வளைஞ்சிருந்தா நேராக்கிட்டு உக்கார வைங்க, டக்குன்னு ரெண்டு பக்கமும் கொக்கி மாட்ற சத்தம் வரணும். ஈயம் வச்சுட்டு கேப் போடறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க.

ஜன்னல தெறந்து வைங்க, முடிஞ்சதும் கைய சோப்பு போட்டு கழுவுங்க, 60/40ல 40 பங்கு லெட்.

கே: ஈயத்தத் தொடாம ஸ்விட்ச மேலயே பிரிச்சு சரி பண்ண முடியாதா?

செர்ரி எம்எக்ஸ் பிளேட்ல மாட்டியிருந்தா பொதுவா முடியாது. மேல் மூடிய புடிக்கற நாலு கொக்கியயும் அந்த பிளேட்டே நெருக்கிகிட்டு இருக்கும், சில பிளேட்லதான் அதுக்குன்னு வெட்டு விட்டுருப்பாங்க. ஆனா வெளில எடுத்தா ஸ்விட்ச பிரிக்கலாம், உள்ள மேல் மூடி, தண்டு, ஸ்பிரிங், அடில காண்டாக்ட் தகடு. ப்ளூன்னா தண்டு ரெண்டு துண்டா இருக்கும், நீல தண்டும் அத சுத்தி வெள்ளையா ஒரு சட்டையும், அந்த வெள்ளை துண்டு கீழ எறங்கி தட்றதுதான் கிளிக் சத்தம். கிளிக் மட்டும் போயி எழுத்து அடிக்குதுன்னா உதிரில இருந்து அந்த ரெண்டு துண்டு மட்டும் மாத்தினா போதும்.

ஆல்ப்ஸ்னா முடியும், அதோட அழகே அதான். போர்டுல இருக்கற மாதிரியே ரெண்டு பக்கமும் மெல்லிசு தகடு ரெண்ட நுழைச்சு கொக்கிய விலக்கினா மேல் மூடி, தண்டு, ஸ்பிரிங், கிளிக் தகடு எல்லாம் கையோட வந்துடும். ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டு, 1987ல வந்தது, அதுல எல்லாம் இந்த ஆல்ப்ஸ்தான். ஆனா காண்டாக்ட் இருக்கற ஸ்விட்ச் பிளேட் ஈயத்துல புடிச்சிருக்கும், அது போயிருந்தா அயர்ன் இல்லாம நடக்காது.

ஆல்ப்ஸுக்கு தூசிதான் எமன். தண்டு உரசற பக்கம் தூசி புகுந்து மண்ணு மாதிரி அறுக்கும், அழுத்தினா சொரசொரன்னு இருக்கும். எண்ணெய் விட்டா சரியாகும்னு நெனைக்காதீங்க, எண்ணெயும் தூசியும் சேந்து சேறாகும். தண்டயும் மூடியயும் சோப்புத் தண்ணில கழுவி நல்லா காய வச்சு போடுங்க, அப்பவும் சொரசொரப்பு போகலன்னா தேஞ்சுடுச்சு, உதிரியோட தண்ட மாத்தறதுதான் வழி.

கே: ஒரு தடவ அடிச்சா எழுத்து ரெண்டு தடவ விழுது.

காண்டாக்ட் மேல மெல்லிசா ஆக்சைடு படிஞ்சிருக்கு, தொட்டு விட்டு தொட்டு விட்டு துள்ளுது. சில சமயம் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு அந்த கீய வேகமா நூறு இருநூறு தடவ அழுத்தினாலே உரசி சுத்தமாகிடும், செலவே இல்லாத வைத்தியம், மொதல்ல அத பண்ணுங்க. போகலன்னா தண்ட அழுத்திகிட்டு இடுக்குல எலக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு திரும்ப அழுத்துங்க, காய்ஞ்சதும் பாருங்க. அதுக்கும் மேல வந்துச்சுன்னா ஸ்விட்ச் மாத்தற நேரம்.

கே: டபிள்யூடி-40, தின்னர், பெட்ரோல் இதுல எதையாவது போட்டு சுத்தம் பண்ணலாமா?

மூணும் வேணாம். மொதலது எண்ணெய்ப் பசைய விட்டுட்டுப் போகும், தூசி ஒட்டும். தின்னரும் பெட்ரோலும் கேப் பிளாஸ்டிக்க கரைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கெமிக்கல் கடைல கெடைக்கும், அது போதும்.

கே: ஐபிஎம் மாடல் எம், சில கீ அழுத்தினா கிளிக் இல்லாம சொதசொதன்னு இருக்கு, சிலது அடிக்கவே இல்ல. ஸ்பிரிங் மாத்தணுமா?

ஸ்பிரிங்கா இருக்க வாய்ப்பு கம்மி. 1985ல வந்த மாடல் எம்ல மேல பிளாஸ்டிக் பிளேட், கீழ இரும்பு பிளேட், நடுவுல மெம்பரேன், இது எல்லாத்தயும் சேத்து புடிக்கறது பிளாஸ்டிக் ரிவெட்தான், மேல் பிளேட்டோடவே வந்த சின்னச் சின்ன குச்சிங்கள உருக்கி மொட்டு மாதிரி பண்ணியிருப்பாங்க. வருஷம் ஆக ஆக அந்த மொட்டு ஒவ்வொண்ணா உதிரும். போர்ட தூக்கி ஆட்டிப் பாருங்க, உள்ள கலகலன்னு சத்தம் வந்தா உதிர்ந்த ரிவெட் உருளுது. உதிர்ந்த எடத்துல பிளேட் லேசா விலகும், ஸ்பிரிங் அடில சுத்தியல் மாதிரி தட்டற பிளாஸ்டிக் துண்டு மெம்பரேன்ல சரியா படாது.

மருந்து, ரிவெட் இருந்த எடத்துல 1.5 மில்லி டிரில் போட்டு எம்2 ஸ்க்ரூவும் நட்டும் மாட்டறது. முழு போர்டுக்கும் பண்ணலாம், ரெண்டு மூணு எடம் மட்டும் விட்டுருந்தா அந்த எடத்துக்கு மட்டும் பண்ணினாலும் சில வருஷம் ஓடும். எம்2 ஸ்க்ரூ கடைல கெடைக்கலன்னா பழைய எலக்ட்ரானிக்ஸ் பிரிச்சா நெறைய வரும், 8ல இருந்து 10 மில்லி நீளம் இருக்கறதா பொறுக்கி எடுங்க. கேஸ தெறக்க 5.5 மில்லி பாக்ஸ் ஸ்பேனர் வேணும், ஓட்டை ஆழம், சுவர் மெல்லிசா இருக்கற ஸ்பேனர்தான் எறங்கும்.

நெசமாவே ஸ்பிரிங் வளைஞ்சிருந்தா, அது பெரும்பாலும் யாரோ கேப்ப கழட்டி தப்பா போட்டதால. உதிரி மாடல் எம்ல இருந்து ஸ்பிரிங்கும் அந்த சுத்தியல் துண்டும் சேத்தே எடுங்க, ஆனா அதுக்கும் பிளேட்ட பிரிச்சாகணும், பிரிச்சா ரிவெட் எல்லாம் போயிடும், அதனால ஸ்பிரிங் வேலையும் ஸ்க்ரூ வேலையும் ஒரே நாள்ல வச்சுக்கோங்க. கேப் திரும்பப் போடறப்ப போர்ட நட்டுக்க நிறுத்தி ஸ்பேஸ் பார் பக்கம் மேல இருக்கற மாதிரி வச்சு போடுங்க, ஸ்பிரிங் தானா சரியான பக்கம் சாயும். போட்டதும் அழுத்துங்க, கிளிக் வரலன்னா கழட்டி திரும்ப போடுங்க, பலம் போடாதீங்க.

கே: கமோடோர் 64, கீய எவ்ளோ அழுத்தினாலும் சில எழுத்து வரமாட்டேங்குது.

1982 மாடல், அதுல ஸ்விட்சே கெடையாது, ஒவ்வொரு தண்டு அடிலயும் கார்பன் கலந்த கருப்பு ரப்பர் ஒண்ணு இருக்கும், அது போய் பிசிபில இருக்கற கார்பன் கோட்டத் தொடும். ரப்பர் மேல எண்ணெய் பூத்த மாதிரி ஒரு படலம் வந்தா கரண்ட் போகாது. ஷிஃப்ட் லாக்ல ரெண்டு ஒயர் ஈயத்துல இருக்கும், அத விடுவிச்சு, பின்னாடி இருக்கற பொடிப்பொடி ஸ்க்ரூ அத்தனையும் ஒரு கிண்ணத்துல சேத்து வச்சு பிசிபிய தூக்குங்க. காட்டன் பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு பிசிபியயும் ரப்பரயும் லேசா தொடைங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா கார்பனே வந்துடும். இதுலயே பெரும்பாலும் உசுரு வந்துடும்.

வரலன்னா பழைய டிவி ரிமோட்ட தேடுங்க. ரிமோட்டுக்குள்ள இருக்கற ரப்பர் ஷீட்ட திருப்பிப் பாத்தா ஒவ்வொரு பட்டனுக்கு அடிலயும் கருப்பு வில்லை ஒண்ணு ஒட்டியிருக்கும், அதுவும் இதே கார்பன் ரப்பர்தான். வால்யூம் பட்டன விட்டுருங்க, அது தேஞ்சிருக்கும், யாரும் தொடாத கலர் பட்டன் வரிசைல இருந்து பிளேடால மெல்லிசா செதுக்கி எடுங்க. மீட்டர்ல ரெண்டு முனையயும் வில்லை மேல வச்சு ரெசிஸ்டன்ஸ் பாருங்க, நல்லா இருக்கற கீயோட ரப்பர் எவ்ளோ காட்டுதோ அதுக்கு பக்கத்துல காட்டினா சரி. பழைய ரப்பர் மேலயே ஒட்டாதீங்க, உயரம் கூடி கீ அழுத்தாமலே தொட்டுகிட்டு நிக்கும், பழச அந்த கனத்துக்கு சீவிட்டு ஒரு பொட்டு சிலிக்கான் பசைல ஒட்டுங்க, பசை மேல் முகத்துல வழியக் கூடாது.

பழைய கால்குலேட்டர், ரப்பர் கீ வச்ச மத்த ஹோம் கம்ப்யூட்டர், எதுல இந்த மாதிரி கார்பன் வில்லை இருந்தாலும் இதே வேலைதான். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் மட்டும் வேற, அதுல ரப்பர் வெறும் அழுத்தறதுக்குதான், காண்டாக்ட் அடில மெம்பரேன்ல, அந்த மெம்பரேனோட வால் காஞ்சு வெடிக்கும், வெடிச்சது நுனிலன்னா அந்த நுனிய மட்டும் வெட்டிட்டு திரும்ப சொருகலாம், நடுவுலன்னா புது மெம்பரேன் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

கே: ஒரு பழைய போர்டுல எல்லா கீ அடிலயும் ஸ்பான்ச் இருக்கு, தொட்டா பொடியா உதிருது. அவ்ளோதானா?

இல்லீங்க, இது ரொம்ப சந்தோஷமா பண்ற ரிப்பேர். கீ டிரானிக் செஞ்ச ஃபோம் போர்டு, ஆப்பிள் லிசா, காம்பேக் போர்ட்டபிள் மாதிரி பழைய கம்ப்யூட்டர்ல எல்லாம் இது இருந்துது. ஸ்பான்ச் துண்டு, அது அடில ஒரு பிளாஸ்டிக் வட்டம், அந்த வட்டத்துல ஒரு பக்கம் மட்டும் மெட்டல் பூச்சு. ஸ்பான்ச் மக்கினதாலதான் கீ போச்சு, மத்ததெல்லாம் நல்லா இருக்கும். 5 மில்லி கனத்துல மெத்து மெத்துன்னு இருக்கற ஃபோம், பார்சல்ல வர்றது கூட ஆகும், அத பஞ்ச் வச்சு வட்டமா வெட்டுங்க. மெட்டல் வட்டம் பழசு நல்லா இருந்தா கழுவி அதையே போடுங்க, இல்லன்னா உள்பக்கம் வெள்ளியா மின்னற சிப்ஸ் பாக்கெட் ஆகும். மெட்டல் முகம் ஸ்பான்ச் பக்கம், பிளாஸ்டிக் முகம் பிசிபி பக்கம், இது மாறவே கூடாது, கெப்பாசிட்டிவ்ங்கறதால மெட்டல் நேரா போர்ட தொடக் கூடாது. மொதல்ல மூணு கீக்கு மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு மிச்சத்துக்கு உக்காருங்க, சாயங்காலம் முழுக்க வேல இருக்கும்.

கே: வெள்ளத்துல நனைஞ்ச கீபோர்டு தேறுமா?

2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல், ஒவ்வொண்ணுக்கு அப்பறமும் நம்ம ஊர் தெருவுல கம்ப்யூட்டர் சாமான குப்பையா கொட்டி வச்சிருந்தத பாத்திருப்பீங்க. அதுல நெறைய தேறும், தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றதுக்குதான் இந்த கேள்விய சேத்தேன்.

கரண்ட் கனெக்ஷன்ல இல்லாதப்ப நனைஞ்சிருந்தா தண்ணி மட்டும் ஒண்ணும் பண்ணாது, தண்ணில வந்த சேறும் உப்பும்தான் திங்கும், அதுவும் காய்ஞ்சு ஒட்டிகிட்டப்பறம்தான் வேகமா திங்கும். அதனால காய வைக்கறதுக்கு முன்னாடி கழுவணும். கேஸ், கேப் எல்லாம் கழட்டி, நல்ல தண்ணில சேறு போற வரைக்கும் அலசி, கடைசியா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒரு அலசு, முடிஞ்சா ஆல்கஹால். நெழல்ல ஃபேன் காத்துல காய விடுங்க, மொட்டை மாடி வெயில்ல வச்சா கேப் கோணிக்கும். ஸ்விட்சுக்குள்ள இருக்கற தண்ணி சட்டுன்னு போகாது, நாலஞ்சு நாள் பொறுங்க. மெம்பரேன் போர்டா இருந்தா மூணு ஷீட்டயும் பிரிச்சு தனித்தனியா காய வைக்கணும், நடுவுல ஒரு சொட்டு நின்னா கூட எல்லா கீயும் சேந்து அடிக்கும்.

வெள்ளத்துல வந்த போர்டு திரும்ப எழலன்னாலும் அதோட கீகேப், ஸ்பிரிங், தண்டு, ஸ்டெபிலைசர் கம்பி எல்லாம் நல்ல உதிரி. காண்டாக்ட் தகட மட்டும் நம்பாதீங்க.

கே: உப்புக் காத்துக்கு என்ன பண்றது? வீடு வீராம்பட்டினத்துல.

ஓட்டறப்ப ஒண்ணும் பண்ண முடியாது, அடிக்கடி அடிச்சுகிட்டே இருக்கறதுதான் காண்டாக்டுக்கு நல்லது. எடுத்து வைக்கறப்ப சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு மூடி போட்ட டப்பால வைங்க, ஐப்பசி கார்த்திகைல ஜெல்ல மாத்துங்க. பாலிதீன் கவர்ல இறுக்கிக் கட்டி வச்சா உள்ள இருக்கற ஈரமே களிம்பு பூக்க வைக்கும்.

கே: கீய எல்லாம் சரி பண்ணிட்டேன், ஆனா இப்ப இருக்கற கம்ப்யூட்டர்ல மாட்டினா எதுவுமே அடிக்கல.

பிளக்க பாருங்க. அஞ்சு முள்ளு பெரிய வட்ட பிளக் ரெண்டு வகை கம்ப்யூட்டருக்கும் ஒண்ணுதான், பழைய ஐபிஎம் எக்ஸ்டியும் அதுக்கு அப்பறம் வந்த ஏட்டியும், ஆனா பேசற மொழி வேற. ஏட்டின்னா சாதாரண மாத்து பிளக் போட்டு பிஎஸ்2ல, அதாவது கீபோர்டுக்குன்னு இருக்கற சின்ன வட்ட சாக்கெட்ல ஓட்டலாம். எக்ஸ்டின்னா மொழிபெயர்க்கற கன்வெர்ட்டர் சர்க்யூட் வேணும், வெறும் பிளக்கால ஆகாது. சில போர்டுல பின்பக்கமே ஒரு சின்ன ஸ்விட்ச்ல எக்ஸ்-ஏன்னு போட்டிருக்கும், அத தள்ளிப் பாருங்க மொதல்ல. இன்னொண்ணு, பிஎஸ்2, அஞ்சு முள்ளு ரெண்டயும் கம்ப்யூட்டர் ஓடறப்ப சொருகி புடுங்காதீங்க, மதர்போர்டுல இருக்கற கீபோர்டு ஃப்யூஸ் போக வாய்ப்பு இருக்கு.

கே: கீகேப் ஒடஞ்சுது, வேற போர்டு கேப் போடலாமா?

தண்டு ஒண்ணா இருந்தா போடலாம், ஆனா வரிசைக்கு வரிசை கேப்போட சாய்வு வேற, கியூ வரிசை கேப்ப இசட் வரிசைல போட்டா விரலுக்கு உடனே தெரியும், அதே வரிசைல இருந்து எடுங்க. பிரான்ஸ்ல இருந்து வந்த அசெர்ட்டி கீபோர்டு பாண்டில அப்பப்ப கைக்கு வரும், அதுல ஏ இருக்கற எடம் நம்ம கியூவோட எடம், அதனால உதிரி எடுக்கறப்ப எழுத்த பாக்காம வரிசைய பாருங்க.

கே: இருபது கீ போயிருக்கு, இத சரி பண்றதா, உதிரிக்கு வச்சுக்கறதா?

கன்ட்ரோலர் உசுரோட இருக்கான்னு மட்டும் பாருங்க. ட்வீசர் டெஸ்ட்ல எல்லா எழுத்தும் வந்தா சரி பண்ணுங்க, ஸ்விட்ச் எத்தன போனாலும் மாத்திக்கலாம், உதிரி போர்டு ஒண்ணு இருந்தா போதும். கன்ட்ரோலர் ஐசி போயி அதே மாடல் இன்னொண்ணு கைல இல்லன்னா அத உதிரின்னு முடிவு பண்ணி முழுசா பிரிங்க. ஸ்விட்ச் ஒவ்வொண்ணயும் மீட்டர்ல பாத்து நல்லது ஒரு டப்பா, சந்தேகம் ஒரு டப்பா, காண்டாக்ட் போனது ஒரு டப்பா, கடைசி டப்பாவ தூக்கிப் போடாதீங்க, அதுல இருந்து தண்டும் ஸ்பிரிங்கும் வரும். டப்பா மேல எந்த மாடல், எந்த ஊர்ல வாங்குனது, எந்த கீ எடத்துல இருந்து எடுத்ததுன்னு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க. கேபிள், கேஸ் ஸ்க்ரூ, அடில இருக்கற ரப்பர் கால், மடிக்கற பிளாஸ்டிக் கால், இதுவும் வேணும், கீ எல்லாம் நல்லா இருந்தும் ஒரு கால் இல்லாம ஆடிகிட்டு இருக்கற போர்டோட அடுத்தவங்க வருவாங்க.